ஓஎல்இடியா, க்யூஎல்இடியா?

புது டிவி வாங்கப் போகிறோம். ஓஎல்இடிதான் உசத்தி என்கிறார் கடைக்காரர். க்யூஎல்இடி போதும் என்கிறான் மகன். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

என் ஓட்டு மகனுக்குத்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே போகும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் காலைச் செய்தி முதல் ராத்திரி சீரியல் வரை ஒரே சேனல் ஓடும் வீட்டில், மூலையில் நிற்கும் லோகோ நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியலாம்.

க்யூஎல்இடி பெயரில்தான் பங்காளி. உள்ளே எல்சிடி திரை, பின்னால் எல்இடி விளக்கு, நிறத்தைத் தூக்கிக் காட்ட ஒரு குவாண்டம் டாட் படலம். பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், விலையும் குறைவு. கடையில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முகங்கள் வெளுத்துத் தெரிந்தால் அடுத்த மாடலுக்கு நகருங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பில்லில் சரிபாருங்கள்.

எதை வாங்கினாலும், ஐப்பசி மாதச் சாயங்காலம் வானம் கறுத்ததுமே பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மின்னலை ஸ்டெபிலைசர் தடுக்காது. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, ஒயர் வழியாக போர்டைப் பறிகொடுப்பவர்களும் உண்டு.