குட்டிப் பூனை கையைக் கடிக்கிறதா?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகப் பக்கம் கிடைத்த குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் கவனிக்க:

1. விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். கையை இரை என்று நினைத்துப் பழகிவிடும்.

2. கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுவதைத்தான் பூனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பிடி தளர்ந்ததும் பேசாமல் எழுந்து போய்விடுங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று புரிந்துகொள்ளும்.

3. அடிக்கவே கூடாது. பயந்த குட்டி பலமாகக் கடிக்கும்.

4. குச்சி நுனியில் துணி முடிச்சு கட்டி ஓடவிடுங்கள். பிறகு அவித்து முள் எடுத்த சாளை கொஞ்சம் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம்: இதுதான் பூனையின் வழக்கம். பழைய வலையின் நைலான் இழை மட்டும் வேண்டாம், விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.

5. பல் பதிந்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் பூனையாலும் வரும்; அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம்.