எல்லைப்புற ஊர்களும் எண்ணும் அலகும்

ஓர் ஊரின் பெரும்பான்மை மொழி யாது என்ற கேள்விக்கு விடை, எவ்வளவு நிலத்தை ஓர் ஊராகக் கொண்டு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைப்புற ஊர்கள் இதற்கு நல்ல சான்று.

எல்லை வந்த வகை

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-க்கு முன், இது திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே விளவங்கோடு வட்டத்தையும் நெய்யாற்றின்கரை வட்டத்தையும் பிரித்த கோடுதான். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. அதன்பின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்கள் சென்னை இராச்சியத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இங்கே வட்டமே அலகு. ஆனால் ஆந்திர எல்லையில், 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த படாஸ்கர் ஏற்பாட்டுக்குக் கிராமமே அலகு. திருத்தணிப் பகுதி நம்மோடு சேர்ந்தது அவ்வாறே.

அலகு செய்யும் வேலை

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டத்தில் 20 ஊர்கள். ஊருக்கு 10,000 பேர். எல்லையோர ஊர்கள் இரண்டில் மட்டும் 8,000 பேர் வீதம் தமிழர். ஊரை அலகாகக் கொண்டால் அங்கே தமிழர் 80 விழுக்காடு. வட்டத்தை அலகாகக் கொண்டால் 2,00,000 பேரில் 16,000 பேர். அதாவது 8 விழுக்காடு. ஒருவரும் குடிபெயரவில்லை, பெரும்பான்மை சிறுபான்மையாகிவிட்டது!

ஊர் என்பதும் எல்லையின் இருபுறமும் ஒன்றன்று. திருவிதாங்கூரில் வருவாய்த்துறையின் அடி அலகு 'பகுதி'. பல கரைகள் சேர்ந்தது ஒரு பகுதி. வீடுகள் தெருவாக நெருங்காமல், தோட்டந்தோறும் சிதறித் தொடர்ந்து நிற்கும் நாட்டில் கிராமங்கள் பெரியனவாகவே அமைந்தன. 2011 கணக்கின்படி கேரளத்தில் 1,018 கிராமங்கள். கிராமத்துக்குச் சராசரி ஏறத்தாழ 17,000 பேர். தமிழ்நாட்டில் 15,979 கிராமங்கள். சராசரி ஏறத்தாழ 2,300 பேரே. நம் ஏழு ஊர் அவர்களுக்கு ஓர் ஊர். ஒரு தமிழ்க் குடியிருப்பு அத்தொகைக்குள் கரைந்துபோவதில் வியப்பென்ன?

மேலும், மக்கள் தொகைக் கணக்கின் கிராமப் பட்டியலில் வீடுகள், ஆண், பெண், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் ஆகிய தொகைகள் உண்டு, தாய்மொழி இல்லை. தாய்மொழிப் பட்டியல் வட்டம், நகரம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த வட்டமும் நிலையானதன்று. நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு வட்டங்களிலிருந்து 2014-இல் காட்டாக்கடை வட்டம் பிரிந்தது. வகுக்கும் எண் மாறினால் விழுக்காடும் மாறும் அன்றோ?

உரிமையும் எண்ணும்

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்கிறது. அதே ஆண்டு மைய அரசு வகுத்த பாதுகாப்புகளின்படி, ஒரு வட்டத்தில் 15 முதல் 20 விழுக்காட்டினர் பேசும் மொழியில் அரசின் முக்கிய அறிவிப்புகள் வெளியாகவேண்டும். நம் கற்பனை வட்டத்தின் 8 விழுக்காடு இங்கே தோற்றுவிடும். பள்ளிக்கோ அலகு வேறு: பள்ளியில் 40 மாணவர், அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர் இருந்தால் தாய்மொழி வழிக் கற்பித்தலுக்கு ஏற்பாடு வேண்டும். வட்டக் கணக்கில் மறையும் ஊர், வகுப்புக் கணக்கில் வெளிப்படுகிறது.

எனவே எல்லைப்புறத்திலிருந்து வந்திருக்கும் தோழர்கள் இரண்டு செய்திகளை ஊருக்குக் கொண்டுசெல்லலாம். முதலாவது, பள்ளிச் சேர்க்கையில் பத்துப் பெயர் போதும், ஒன்பது போதாது. இரண்டாவது, கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி. பள்ளியில் படித்த மொழியோ கடைவீதியில் பேசும் மொழியோ அன்று. அவற்றைச் சொல்லத் தனி இடம் உண்டு. 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கென 2025-இல் அறிவிக்கப்பட்டது. அலகை வகுப்பது அரசின் கையில். கேட்பவருக்குச் சரியான விடை சொல்வது நம் கையில்.