ஆறாத புண்ணும் அருகிருந்து துணைசெய்வோரும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றினோடு, அருகிருந்து துணைசெய்வானையும் நான்காவதாக வைத்து எண்ணினார். எமது படுவான்கரையில் இந்நான்காம் கடமை பெரும்பாலும் மாணவர் தோளிலேயே விழுகின்றது. வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலங் கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ பாட்டனாரை அழைத்துச் செல்பவர் மாணவரே. கிளினிக் கொப்பியைப் படித்துக் கூறுபவரும் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடும் இடத்தைக் காட்டுபவரும் அவரே. ஆதலின், தோற்புற்றுக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சை பற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்துமெனக் கருதினோம். நாம் மருத்துவரல்லர், தமிழாசிரியர். எனவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

புற்று என்பது கறையான் எழுப்பும் மண்மேடு. வெளியே சிறிதாகத் தோன்றினும், உள்ளே அதன் வழிகள் பலவாகக் கிளைத்துச் செல்லும். மேட்டை மாத்திரம் வெட்டியெறிந்தால் அது மீண்டும் வளரும். இவ்வுவமையை மனத்திற் கொள்வோர்க்கு மருத்துவர் செய்வனவெல்லாம் எளிதில் விளங்கும்.

தோற்புற்று வெண்ணிறத்தாரிடையே மிகுதி; எம்மவரிடையே குறைவு. ஆயினும், எமக்கு வாராதென எண்ணுதல் பிழையாகும். காஷ்மீரத்தில் குளிர்காய்தற்பொருட்டு ஆடைக்குள் வைக்கும் காங்கிரி என்னும் நெருப்புச்சட்டியின் வெப்பத்தால் வயிற்றிலும் தொடையிலும் இந்நோய் தோன்றுவதுண்டு. பழைய தீக்காயத் தழும்பிலும், பல்லாண்டு ஆறாத புண்ணிலும் அது தோன்றலாம். கருநிறத்தோர்க்குக் கரும்புற்று உண்டாகுமாயின், அது உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தின் கீழோ தோன்றுதல் பெரும்பான்மை. வெறுங்காலுடன் வயலில் இறங்கும் உழவர் அதனை முள் தைத்த வடுவென்று விட்டுவிடக்கூடும். யமேக்காவின் இசைஞர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தின் கீழ் இந்நோய் கண்டறியப்பட்டது. விரலை அகற்றுமாறு மருத்துவர் கூறியும் அவர் இசைந்திலர். 1981இல், தமது 36ஆம் வயதில், நோய் உடலெங்கும் பரவி அவர் காலமானார். ஒரு மாதத்திற்கு மேல் ஆறாத புண்ணும், வளரும் கரும்புள்ளியும் மருத்துவர் பார்க்க வேண்டியன.

"கத்தி பட்டாற் புற்றுப் பரவும்" என்பது எம்மூர்ப் பேச்சு. இது உண்மையன்று. காலங்கடந்து செல்வோர்க்கு, நோய் முன்னரே பரவியிருத்தலால் சத்திரசிகிச்சை பயன்படாது போகின்றது. பழியோ கத்தியின் மேல் விழுகின்றது. உரிய காலத்தில் முற்றாக அகற்றினால் தோற்புற்றுக்களிற் பெரும்பாலானவை குணமாவன.

இனி நிகழ்வனவற்றை முறையாகக் காண்போம். முதலில் புண்ணிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிப்பர். நோய் உறுதியானபின் அகற்றும் நாளைக் குறிப்பர். நீரிழிவு, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய அனைத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க அருந்தும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

சிறிய புண்ணாயின் அவ்விடத்தில் மாத்திரம் விறைப்பூசி இடுவர். ஊசி ஏறும்போது சற்றுக் கடுக்கும். பின்னர் அழுத்தமும் இழுவையும் தெரியுமேயன்றி நோவு தெரியாது. பலர் அன்றே வீடு திரும்புவர். புண்ணோடு அதனைச் சூழ்ந்த நல்ல தோலிலும் ஒரு பகுதியை அகற்றுவர். பொதுவான புற்றுக்களுக்கு அது சில மில்லிமீற்றராகவும், கரும்புற்றுக்கு ஆழத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றராகவும் அமையும். "சிறு புண்ணுக்கு இவ்வளவு பெரிய வெட்டா?" என வருந்த வேண்டா, புற்றின் கிளைவழிகளை நினைவு கூர்க. வெட்டிய பகுதியின் ஓரங்களை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். ஓரத்தில் நோய் எஞ்சியிருப்பின் மீண்டும் வெட்ட நேரலாம். அது முன்னையோரின் தவறென்று கொள்ளற்க.

இடைவெளி சிறிதாயின் நேரே தைப்பர். பெரிதாயின் தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து ஒட்டுவர். அல்லது அயலிலுள்ள தோலைத் திருப்பி மூடுவர். மூக்கிழந்தார்க்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைக்கும் இந்திய மருத்துவரின் முறையை, 1794இல் இலண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது. மூக்கிற் புற்று அகற்றப்பட்டோர்க்கு அம்முறை இன்றும் கைகொடுக்கின்றது.

வீடு திரும்பியபின் துணைசெய்வானின் பணி தொடங்குகின்றது. மருத்துவர் கூறும் நாள்வரை கட்டு நனைதலாகாது. இரத்தங் கசிந்தால் தூய துணியால் இருபது நிமிடம் விடாது அழுத்துக; நில்லாதாயின் வைத்தியசாலைக்குச் செல்க. காலில் வெட்டப்பட்டதாயின் காலை உயர்த்தி வைத்தல் வீக்கத்தைத் தணிக்கும். தையலை முகத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், கைகாலில் இரு வாரமளவிலும் வெட்டுவர். தோலெடுத்த தொடை, ஒட்டிய இடத்தினும் மிகுதியாக எரிவதுண்டு. அதுவும் இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். சிவப்புப் படர்தல், சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் மிகும் நோவு ஆகியன கிருமி தொற்றியதன் அறிகுறிகள். சாம்பல், கோப்பித் தூள், பச்சிலை முதலியவற்றைப் புண்ணில் வைத்தலாகாது.

பத்தியமென்று மீனும் முட்டையும் பருப்பும் விலக்குதல் எம்மவர் வழக்கம். புண் ஆறுதற்குப் புரதம் இன்றியமையாதது. மருத்துவர் தடுத்தாலன்றி இவற்றைக் கொடுத்தலே நன்று. புகைத்தல் புண் ஆறுதலைத் தடைசெய்யும். மண்வெட்டி பிடித்தலும் சேற்றில் இறங்குதலும் மருத்துவர் இசைவு தரும்வரை ஆகா. தழும்பு சில மாதங்கள் சிவந்தும் தடித்தும் இருந்து, ஓராண்டளவில் மெல்ல அடங்கும். அயலில் மரத்த உணர்ச்சி நிற்றலும் இயல்பே.

தையல் வெட்டியதும் எல்லாம் முடிந்ததெனக் கிளினிக் கொப்பியைப் பரணில் வைப்போர் பலர். நோய் திரும்பவும், வேறிடத்திற் புதிதாகத் தோன்றவும் கூடுமாதலின், குறித்த நாளிற் செல்லுதல் சிகிச்சையின் ஒரு கூறேயாம்.

மாணவர்காள்! நீவிர் கற்ற எழுத்து, பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று. சம்மதப் பத்திரத்தை வரிவரியாகப் படித்து, "எதனை வெட்டுவர்? எப்படி மூடுவர்? முடிவு எந்நாள் வரும்?" என வினாவி, அறிந்ததை முதியோர்க்கு எளிய தமிழில் உரைப்பீராக. இன்று மாலையே வீட்டிலுள்ள முதியோரின் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். கல்விக்கு இதனினும் நல்ல பயன் வேறு யாது?