காட்டுத்தீயும் அடைபட்ட மலைவழியும்

வேனிற்காலத்தில் மலைவழியை அடைத்தல் ஒரு செயல்; அடைத்ததை மக்களுக்கு உணர்த்துதல் மற்றொரு செயல். முன்னையது ஓர் ஆணையாலும் ஒரு கயிற்றாலும் முடிந்துவிடும். பின்னையது சொற்களால் ஆவது. சொல் பிழைத்தவிடத்து உயிர் பிழைத்தல் அரிதாகிறது. வனநூலார் ஆராய வேண்டிய இப்பொருளில் தமிழ் பயிலும் மாணவராகிய யாம் தலையிடுவது ஏன் என்று ஆசிரியப் பெருமக்கள் வினவுதல் கூடும். அறிவிப்புப் பலகையும் ஓர் உரைநடையே. அதனைப் படிப்பார் தொகையோ நம் காப்பியங்களைப் படிப்பார் தொகையினும் பெரிது. ஆகவே அது சொல்லாராய்ச்சிக்குப் புறம்பானதன்று என்பது எம் கருத்து.

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அணித்தான குரங்கணி மலைச்சரிவில் நேர்ந்த துன்பத்தை நம்மில் அறியாதார் இலர். சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவினரும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்த மற்றொரு குழுவினரும் முதல்நாள் கொழுக்குமலைக்கு ஏறி, அங்கு இரவு தங்கி, மறுநாள் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். நண்பகல் கழிந்த வேளையில் புல்வெளியில் தீ அவர்களைச் சூழ்ந்தது. ஒன்பதின்மர் அவ்விடத்திலேயே மாண்டனர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தாரையும் கூட்ட, இறந்தோர் தொகை இருபதைக் கடந்தது. அவருட் பெரும்பாலோர் இளைஞர். முதலில் ஓடிச்சென்று உதவியவர் அருகிலிருந்த ஊர்மக்களே. அதன்பின் வனத்துறையினரும், தீயணைப்புத் துறையினரும், வான்படையின் ஹெலிகாப்டர்களும் வந்து சேர்ந்தனர்.

புல்லில் பற்றும் தீ மரத்தில் பற்றும் தீயினும் கொடியது என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். பருமரம் உலர்வதற்குத் திங்கள் பல ஆகும்; புல்லோ காலையில் பனியில் நனைந்திருப்பினும், வெயில் ஏறிய ஒரு நாழிகை இரண்டு நாழிகைக்குள் உலர்ந்து எரிதற்குரியதாகிவிடும். மேலும், சமநிலத்தில் ஓடும் தீயின் சுடர் வானை நோக்கி நிமிர்ந்து நிற்க, சரிவில் ஏறும் தீயின் சுடர் மேலுள்ள புல்லின்மேற் சாய்ந்து, தான் சென்று சேர்வதற்கு முன்னரே அதனைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை மிகுந்தால் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் ஒரு கணக்கு. அதன்படி 30 பாகைச் சரிவில் வேகம் எண்மடங்காகும். அத்தகைய சரிவில் மனிதனது வேகமோ குறைந்துகொண்டே போகும். பகலில் வெயிலாற் காய்ந்த சரிவுகளில் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசுவதாதலின், பிற்பகல் தீக்கு மிக வாய்ப்பான வேளையாகிறது. தீயைக் கண்டு மேலே ஓடுதல் ஆகாது, புல்லற்ற பாறையையோ முன்னரே எரிந்து கரியான நிலத்தையோ நாடவேண்டும் என்று அறிந்தோர் கூறுவதன் காரணம் இதுவே.

இவ்விடத்து, வகுப்பிற் பயின்ற ஒன்று எம் நினைவிற்கு வருகிறது. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்றும், பெரும்பொழுது வேனில் என்றும் வகுத்த தொல்காப்பியனார், பின்பனியும் அதற்கு உரித்து என்று ஒரு தனி விதி செய்தார். பனிக்கும் பாலைக்கும் என்ன உறவு என்று யாம் வகுப்பில் ஐயுற்றதுண்டு. பின்பனியாவது மாசியும் பங்குனியும். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வாழும் தேனி மலைகளின் கீழைச் சரிவுகளில், மாசி பிறக்குமுன்னரே மழை ஓய்ந்து, இரவிற் பனியும் பகலில் வெயிலும் மாறிமாறி வந்து புல்லை வைக்கோலாக்கிவிடும். குரங்கணித் தீ மூண்டதும் மாசித் திங்களின் இறுதியிலேதான். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கருதியது கற்பனையன்று. அவ்வாண்டு ஆவணியில் மூணாற்று மலைகளிற் குறிஞ்சி பூத்தது. அதற்கு ஐந்து திங்கள் முன்னர் அம்மலைத்தொடரின் இப்புறம் பாலையாய் எரிந்தது.

இனி அறிவிப்பைப் பற்றிக் கூறுவாம். குரங்கணியினின்று டாப் ஸ்டேஷன் செல்லும் வழிக்கே நுழைவுச் சீட்டு வழங்கப்பட்டதென்றும், கொழுக்குமலை வழிக்கு இசைவு இல்லையென்றும் அந்நாளில் வனத்துறை சார்பிற் கூறப்பட்டது. அரசு அதுல்ய மிஸ்ரா என்னும் உயர் அலுவலரை விசாரணைக்கு நியமித்தது. யார் குற்றவாளி என்று தீர்ப்புரைத்தல் எம் வேலையன்று. ஆயின் ஒன்று நோக்கத்தக்கது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், ஜீப்பு ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து வருவது. கால்வழியோ தமிழ்நாட்டுக் குரங்கணியிலிருந்து ஏறுவது. ஒரே மலைக்கு இரு வாயில். இரு வாயிலுக்கும் இரு அரசு. ஒரு வாயிலில் அடைப்பு அறிவிக்கப்பட்டாலும், மற்றொரு வாயிலால் ஏறி அவ்வழியே இறங்குவாற்கு அஃது எங்ஙனம் தெரியும்? அடிவாரத்தில் மட்டும் நட்ட பலகை, மேலிருந்து இறங்குவோன் கண்ணிற் படுவது, அவன் எல்லாம் கடந்து வீடு சேரும்போதேயாம்.

இந்த இடர்ப்பாடு நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்காவின் மேற்கில், மெக்சிகோ எல்லையினின்று கனடா எல்லைவரை 2,650 மைல் செல்லும் பசிபிக் மலைமுகட்டு நெடுவழி, தேசியக் காடு, தேசியப் பூங்கா, மாநில நிலம், தனியார் நிலம் எனப் பலவகை நிலங்களை ஊடறுத்துச் செல்வது. ஒரு துறை அடைக்க, அடுத்த துறை திறந்து வைத்திருத்தல் அங்கும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் நள்ளிரவு முதல் கலிபோர்னியாவின் தேசியக் காடுகள் ஏறக்குறைய முழுவதும் அடைக்கப்பட்டபோது, அதே மாநிலத்துத் தேசியப் பூங்காக்கள் அவ்வாணைக்கு உட்படவில்லை. காடு வேறு, பூங்கா வேறு, அவற்றை ஆளும் துறை வேறு என்பது அலுவலகத்தார்க்குத் தெளிவு. விடுமுறைக்குக் குழந்தைகளுடன் புறப்பட்ட தந்தைக்கு எல்லாம் மரமே. செப்டம்பர் 17 வரை என்று விதித்த அவ்வடைப்பை, நிலைமை திருந்தியவாறே, இரண்டு நாள் முன்னதாக 15-ஆம் நாளில் நீக்கினர். இச்செயலை யாம் மிகவும் மெச்சுகிறோம். காலத்தோடு அடைத்தலினும் காலத்தோடு திறத்தலே மக்களது நம்பிக்கையை வளர்ப்பது. நம்மூர்களில் காரணம் நீங்கிய பின்னும் மழையில் நனைந்து, துருவேறி, எழுத்துதிர்ந்து நிற்கும் பலகைகள் எத்தனை! அவற்றைப் பொருட்படுத்தாது கடந்து பழகிய கால்கள், உண்மையான பலகையின் முன்னும் நில்லா.

மற்றொரு செய்தி ஆரிகன் மாநிலத்தது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஈகிள் கிரீக் என்னும் ஓடைவழியில், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் எறிந்த வெடியால் தீ மூண்டது. தேசியக் காடுகளில் வெடி கொளுத்துதல் எக்காலத்தும் விலக்கப்பட்டதாம். விடுமுறை நாளாதலின் அருவி காண வந்த ஏறத்தாழ 150 பேர், கீழே இப்புதுத் தீயும், அப்பால் ஜூலை முதலே எரிந்துகொண்டிருந்த இந்தியன் கிரீக் என்னும் பழைய தீயுமாக, இரண்டிற்கும் இடையில் அகப்பட்டனர். அவர்களுட் சிலர் செருப்பும் நீராடும் உடையுமாக வந்தவர். ஆயினும் அனைவரும் காட்டில் ஓர் இரவைக் கழித்து, மறுநாள் வழியறிந்தோர் முன்செல்ல, மலையேறி வேறோர் ஏரிக்கரையை அடைந்து உயிர் தப்பினர். குரங்கணியில் இழந்ததை ஈகிள் கிரீக்கில் இழவாமைக்குக் காரணங்கள் பல. நிலமும் வேறு, தீயின் இயல்பும் வேறு. எனினும், வழியை அறிந்தவனும் தீயின் நிலையை அறிந்தவனும் அங்கு அவர்களிடையே வந்து சேர்ந்தமை சிறிய காரணமன்று.

அத்தீ 48,000 ஏக்கருக்கு மேல் எரித்து அடங்கிய பின்னும், அவ்வோடைவழி மூன்றாண்டுக்கு மேல் அடைபட்டேயிருந்தது. தீ அணைந்த பின்னரும் வழியை ஏன் திறவார் என்று மக்கள் சினப்பது அங்கும் வழக்கம். வேர் எரிந்த மரம் பல திங்கள் நின்று, காற்றில்லாத நாளிலும் திடீரென வீழும். புல்லும் புதரும் பற்றியிருந்த கற்கள் பற்றுக்கோடின்றி உருளும். மழை வந்தாலோ, நீரை உறிஞ்சும் தன்மை இழந்த மண் சேறாய் இறங்கும். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் கலிபோர்னியாவின் மாண்டிசீட்டோ என்னும் ஊரில், முந்திய திங்களில் எரிந்த மலையினின்று அவ்வாறு இறங்கிய சேறு இருபதின்மேற்பட்டாரைக் கொன்றது. வெளியேறியே ஆகவேண்டும் என்று ஒரு பகுதிக்கும், வெளியேறுதல் நன்று என்று மற்றொரு பகுதிக்கும் முன்னரே அறிவித்திருந்தனர். இறந்தாருட் பலர் ‘நன்று’ என்று கூறப்பட்ட பகுதியினர். ஒரு வியங்கோளுக்கும் ஓர் ஏவலுக்கும் உள்ள வேற்றுமையை இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்காக எழுதும் நாம், அவ்வேற்றுமை இவ்வளவு பெரிதென்று எண்ணியதில்லை.

இவ்வகையில் ஆஸ்திரேலியர் செய்த திருத்தம் ஆராயத்தக்கது. மக்கார்தர் என்னும் வனநூலார் வெப்பம், காற்று, ஈரம், வறட்சி ஆகியவற்றைச் சேர்த்து, தீயிடரை 1 முதல் 100 வரை அளக்கும் ஓர் அளவுகோலை அந்நாட்டிற் சமைத்தார். 2009-ஆம் ஆண்டு பெப்ருவரி 7-ஆம் நாள் விக்டோரியா மாநிலத்தில் அக்கோல் நூற்றையும் கடந்தது. அன்று 173 பேர் இறந்தனர். எண் பொய்க்கவில்லை, ஆனால் நூற்றைக் கடந்த எண்ணைக் கேட்ட குடியானவன் தான் செய்யவேண்டுவது யாதென்று அதனால் அறியான். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்நாடு முழுவதும் வழக்கிற்கு வந்த புதிய முறை, படிகளை நான்காகச் சுருக்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வினைமுற்றைத் தந்தது. முதற்படியில் திட்டமிட்டு ஆயத்தஞ் செய்க. இரண்டாவதில் செயற்படக் காத்திருக்க. மூன்றாவதில் இப்பொழுதே செயற்படுக. நான்காவதில், உயிர் பிழைக்க வேண்டின் அவ்விடம் விட்டு நீங்குக. ‘தீயிடர் மிகுதி’ என்பது பெயர். ‘நீங்குக’ என்பது வினை. இடர் நேரத்தில் மனிதனுக்கு வேண்டுவது பின்னையது.

நம் பலகைகளின் மொழியை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக. ‘இவ்வழி மூடப்பட்டுள்ளது’ என்பது செயப்பாட்டு வினை. மூடியவர் யார் என்பது அதில் இல்லை. ஏன், எதுவரை, எதுமுதல் எதுவரை என்பனவும் இல்லை. ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்பது காலங்காட்டுவது போலக் காட்டாதொழியும் தொடர். ‘மீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்பதில் மட்டும் ஐயமே இல்லை. காரணம் கூறாத தடையைக் கண்ட இளைஞன், அலுவலர் தம் வசதிக்காக அடைத்தார் என்றே கொள்வான். அமெரிக்கக் காட்டுத்துறையின் அடைப்பாணையிலும் தண்டம் உண்டு: தனி மனிதர்க்கு 5,000 டாலர் வரையும், ஆறு திங்கட் சிறைவரையும் விதிப்பர். எனினும் அவ்வாணையோடு எல்லை வரைந்த படமும், தொடங்கும் நாளும் முடியும் நாளும், யார்க்கு விலக்கு என்பதும் சேர்ந்தே வரும்.

வானிலிருந்து தீயைக் காணும் கருவிகள் இருக்கப் பலகை எதற்கு என்பாரும் உளர். இந்திய வன அளவைத் துறையார் 2004 முதல் துணைக்கோள்களின் உதவியால் தீயிருக்கும் இடங்களைக் கண்டு மாநிலங்கட்கு அறிவித்து வருகின்றனர். முன்னைக் கருவி ஒரு கிலோமீட்டர் அளவிலும், பின்னையது 375 மீட்டர் அளவிலும் நிலத்தைக் கூறிட்டுப் பார்க்கும். இவை பெரிதும் பயன்படுவன. ஆயினும் அக்கோள் ஓரிடத்தின்மேல் ஒரு நாளிற் சிலமுறையே செல்லும். புல்லில் ஓடும் தீ அவ்விடைவெளிக்குள் மலையையே ஏறி முடித்துவிடும். மேலும், அச்செய்தி வனச்சரக அலுவலகத்தை அடைவது வேறு, சரிவில் நடக்கும் மாணவன் செவியை அடைவது வேறு. கைப்பேசிக்கு அலை எட்டாத பள்ளங்கள் அம்மலைகளிற் பல.

குரங்கணிக்குப் பின், 2018-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்தை ஒழுங்குசெய்யும் விதிகளை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நாற்பது வழிகளை வகுத்து, வழிகாட்டியுடன் செல்லும் முறையையும் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டில் அவ்வழிகளைத் தீக்காலம் பற்றிப் பெப்ருவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அடைத்தனர். நாட்காட்டியை விரித்துப் பார்ப்பின், அது மாசி 3 முதல் சித்திரை 2 வரை ஆகின்றது. பின்பனிக்காலம் ஏறக்குறைய முற்றும் அதனுள் அடங்குகிறது. இவ்வடைப்பில் தொடக்கமும் முடிவும் காரணமும் மூன்றும் உள்ளமை காண்க.

எஞ்சுவது, மலையின் எல்லா வாயில்களிலும், இறங்குமுகத்திலும், தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அதனை எழுதி நிறுத்துவதும், ஏப்ரல் 16-ஆம் நாள் காலையில் மறவாது கழற்றுவதுமேயாம். கோடை விடுமுறைக்கு முன்னரே மலையேறப் புறப்படும் நம் கல்லூரி நண்பர்கள், பலகையைக் காணுமுன் வனச்சரக அலுவலகத்தில் வினவவேண்டுவன இவை: எந்த வழி, எந்த நாள்வரை, எக்காரணம் பற்றி, எவ்வழியே இறங்கலாம்.