சூளைக்காரர் மகள் ஏதென்ஸ் போனாள்

வேப்பூர் கூட்டுரோட்டில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் சூளை வேலை. கிரேக்கத் தத்துவம் படிக்க ஒரு பருவம் ஏதென்ஸுக்குக் கிளம்பியபோது பெட்டி நிறையப் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும். போய்ப் பார்த்தால் பாதிப் புத்தகங்கள் அங்கே நூலகத்திலேயே இருந்தன. கூடுதல் எடைக்குக் கட்டிய காசு போனது போனதுதான்.

அடுத்த அடி ரொட்டிக் கடையில். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆம், 'ஓஹி' என்றால் இல்லை. கடைக்காரர் 'நே, நே' என்று சொல்லச் சொல்ல, ரொட்டி தீர்ந்துவிட்டது என்று நினைத்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். தலையை அண்ணாந்து 'ச்சு' கொட்டினால் மறுப்பு; இது மட்டும் நம்மூர் மாதிரியே இருந்ததால் உடனே பிடிபட்டது. 24 எழுத்தையும் ஊரிலேயே பழகிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வார வேலைதான்.

வகுப்பில் ஏறாதது கெராமெய்க்கோஸில் ஏறியது. பழைய ஏதென்ஸின் குயவர் பகுதி அது. ஊரின் இடுகாடும் அங்கேதான். 'செராமிக்' என்ற சொல்லுக்கு வேர் 'கெராமோஸ்', குயவர் மண். விருத்தாசலத்தில் தினமும் பெயர்ப்பலகையில் பார்த்த சொல்! அங்கிருந்த கருப்பும் சிவப்புமான சாடிகளைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். ஒரே சூட்டில் இரண்டு நிறம்: முதலில் காற்று விட்டு, பிறகு அடைத்து, மறுபடி திறந்து சுடுவார்கள். மேலே பூசிய நைஸ் மண்குழம்பு இறுகிப்போய்க் கருப்பாகவே நின்றுவிடும். மற்ற இடம் சிவப்புக்குத் திரும்பிவிடும்.

"சூளைய அடைச்சா கருப்பாத்தான் வரும் பாப்பா. இதுக்கா அவ்ளோ தூரம் போன?"

அதே இடத்தில் 1960களில் சுமார் 8,500 ஓட்டாஞ்சில்லுகள் கிடைத்தன. ஆபத்தானவர் என்று தோன்றும் தலைவரின் பெயரை அந்தக்கால ஏதென்ஸ்காரர்கள் சில்லில் கீறிப் போடுவார்கள். 6,000 வாக்கு சேர்ந்தால் 10 ஆண்டு நாடுகடத்தல். பாடத்தில் இது வந்தபோது அவள் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொன்னாள். ஏதென்ஸிலும் பல பதவிகளுக்குக் குலுக்கல்தான் என்பதால், அன்றைய பேச்சு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. கையில் சொந்த ஊர்ச் சரக்கு ஒன்று இருந்தால் அந்நிய வகுப்பில் வாய் திறக்க முடிகிறது.

அகோரா என்பதும் சந்தைதான். அதன் ஓரத்தில் செருப்புத் தைக்கும் சைமன் என்பவரின் வீடு என்று கருதப்படும் இடத்தில் ஆணிகளும் அவர் பெயர் கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்திருக்கின்றன. சாக்ரடீஸ் அங்கே வந்து உட்கார்ந்து பேசுவாராம். ஆட்டுக்கு விலை பேசும் கூட்டத்தைக் கண்டவளுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்ய உரையாசிரியர் தேவைப்படவில்லை.

சில்லறைச் சங்கதிகள்: 90 நாளுக்கு மேல் தங்க நீண்டகால விசா வேண்டும், அலைச்சல் அதிகம், முன்கூட்டியே தொடங்குவது உத்தமம். அக்ரோபோலிஸ் பளிங்கு வழுக்கும்; ரப்பர் செருப்பு உதவாது. நவம்பர் முதல் மார்ச் வரை மாத முதல் ஞாயிறு பல தொல்லிடங்களில் நுழைவு இலவசம்.

திரும்பி வந்த பிறகுதான் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டைப் பற்றிப் படித்தாள். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். கிரேக்கத் தீவான கோஸின் மதுச்சாடி ஓடுகள்கூட அங்கே கிடைத்தன. பஸ் ஏறினால் அன்றே போய்வரலாம். முதலில் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற குறை அவளுக்கு இன்னும் உண்டு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி அருங்காட்சியகம் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓட்டின் உடைந்த ஓரத்தை அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வெந்திருக்கு," என்றார்.