நம் குரலை நாமே பதிவு செய்வோம்

இந்த மாதப் பாடம் கம்ப்யூட்டரில் குரல் பதிவு செய்வது பற்றியது. "நமக்கு எதுக்குங்க இது?" என்று கேட்பீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு குழு. வங்கிக் கடனுக்கான தீர்மானத்தை ஊக்குநர் வாசித்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா கைநாட்டு வைத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு உறுப்பினர் தவணை கட்டவில்லை. எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்றதும் பெரியம்மா கொதித்துவிட்டார். "அவ வாங்கின கடனுக்கு நான் எதுக்கு கட்டணும்? என்கிட்ட யாரு சொன்னீங்க?" தீர்மான நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடகடவென்று வாசித்தது அவர் காதில் ஏறவில்லை. வீட்டில் அவர் பேசுவதும் தெலுங்கு. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. தப்பு அவர் மேல் இல்லை, சொல்லிக் கொடுத்த நம் மேல்தான்.

கடன் விதிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து, கைநாட்டுக்கு முன்பு போட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். செல்போனில் பதிவு செய்தோம். போட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம்தான் கேட்டது! அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் போனோம்.

இதைச் செய்தவர்கள் யார்?

ஒரு காலத்தில் குரல் பதிவு என்றால் பெரிய ஸ்டுடியோ வேண்டும். அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தவற்றில் ஒன்று சின்டிரில்லியம் என்ற சின்னக் கம்பெனி. அமெரிக்காவில் டேவிட் ஜான்ஸ்டன், ராபர்ட் எல்லிசன் என்ற இரண்டு பேர் 1990களில் தொடங்கியது. அவர்களுடைய சாப்ட்வேரின் பெயர் 'கூல் எடிட்'. முதலில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சில வசதிகள் மட்டும் கிடைக்கும். பிடித்திருந்தால் காசு கட்டி முழுவதையும் வாங்கலாம். 2003-ல் அடோபி என்ற பெரிய கம்பெனி இதை 165 லட்சம் டாலருக்கு வாங்கியது. 'கூல் எடிட்' என்ற பெயரே போய் 'அடோபி ஆடிஷன்' ஆகிவிட்டது.

இன்னொரு வழியில் போனது 'ஆடாசிட்டி'. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் 1999-ல் தொடங்கி, 2000-ல் வெளியிட்டார்கள். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது இதன் உரிமம். 2021-ல் மியூஸ் குரூப் என்ற கம்பெனியின் கைக்கு வந்த பிறகும் அந்த உரிமைகள் போகவில்லை. நாம் பயன்படுத்துவது இதைத்தான். திருட்டு சிடி வேண்டாம், பைசா செலவும் இல்லை.

நமக்கு முன்னால் செய்த பெண்கள்

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற கிராமம். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் 2008 அக்டோபரில் 'சங்கம் ரேடியோ' என்ற சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். தலித் விவசாயப் பெண்களே பேட்டி எடுத்து, பதிவு செய்து, ஒலிபரப்பினார்கள். விதை, சாகுபடி, பாட்டு எல்லாம் அவர்கள் பேசும் தெலுங்கிலேயே. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பதிவு செய்யும் முறை

1. இடம்: தறி நிற்கும் நேரம் பாருங்கள். கோயில் ஒலிபெருக்கி, பஸ் ஹாரன் கேட்காத உள் அறை நல்லது. வெறும் சுவர் இருந்தால் குரல் எதிரொலிக்கும். பாய், போர்வை, பழைய புடவை தொங்கவிட்டால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

2. மைக்: வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். அப்போதுதான் "ப" சொல்லும்போது காற்று மோதாது.

3. அளவு: பேசும்போது திரையில் அலை மாதிரி கோடு ஓடும். அது மேல் விளிம்பைத் தொட்டால் குரல் கிழிந்து கேட்கும், பிறகு சரி செய்ய முடியாது. பாதி உயரத்தில் ஓடினால் போதும்.

4. முதல் ஐந்து விநாடி யாரும் பேசாதீர்கள். இதுதான் முக்கியம். அந்த அமைதியில் இருக்கும் இரைச்சலை மட்டும் தேர்வு செய்து காட்டினால், இரைச்சலைக் குறைக்கும் வசதி அதே மாதிரிச் சத்தத்தை முழுப் பதிவிலும் குறைத்துவிடும். ஒரே சீராக வரும் சத்தத்துக்குத்தான் இது நன்றாக உதவும். தறியின் தட்தட் சத்தம் முழுதாகப் போகாது. அதனால்தான் இடத்தை முதலில் சொன்னோம்.

5. சேமிப்பு: பேச்சுக்கு மோனோ போதும். சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி ஆகும். எம்பி3 ஆக 64 கேபிபிஎஸ் அளவில் மாற்றினால் அரை எம்பிதான். செல்போனில் அனுப்ப இதுவே சுலபம்.

மறக்கக் கூடாதது

யாரையும் கேட்காமல் அவர் குரலைப் பதிவு செய்யாதீர்கள். ஒருவர் வீட்டுக் கடன் விவரம், சண்டை சச்சரவு எதையும் பதிவில் வைக்காதீர்கள். தீர்மான நோட்டுக்குப் பதில் இது இல்லை, நோட்டில் எழுதுவதைப் புரிய வைக்கத்தான் இது.

பிறகு என்ன ஆச்சு?

அடுத்த கடனுக்கு முன்பு பெரியம்மாவை வீட்டுக்குப் போய் அழைத்து வந்தோம். தெலுங்குப் பதிவைப் போட்டோம். "ஒருத்தர் கட்டலைன்னா எல்லாரும் சேர்ந்து கட்டணும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார். பிறகு சொன்னார்: "இப்ப புரிஞ்சுது. இவ்ளோ பெரிய தொகைக்கு நான் கைநாட்டு வைக்க மாட்டேன்." சிலருக்கு வருத்தம். ஆனால் பேசிப் பார்த்ததில் அதே பயம் இன்னும் நாலு பேருக்கு இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் கடன் தொகையைக் குறைத்துத் தீர்மானம் போட்டார்கள். பெரியம்மா முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார்.

கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் கடைசியாக வாங்கிய கடனின் விதிகளை, நோட்டைப் பார்க்காமல் எத்தனை பேர் சொல்வீர்கள்?
* எந்த விஷயத்தை முதலில் குரலில் பதிவு செய்யலாம்? எந்த மொழியில்?
* உங்கள் ஊரில் எந்த நேரம் சத்தம் குறைவு?

பதிலை உங்கள் பிரதிநிதி மூலம் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அனுப்புங்கள். பதிவு செய்ய விரும்பும் குழுவுக்கு நாங்களே வந்து சொல்லித் தருகிறோம்.