காற்று அடித்தால் வேலையை நிறுத்துவது யார்?



1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும். ரயில் நகராது. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப்பாலம் திறந்தாயிற்று. ஆனால் அதே கச்சான் காற்றில், மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ மூன்று மாடி லாட்ஜின் சாரத்தில் நாலு பேர் நிற்கிறார்களே, அவர்களுக்குச் சிவப்பு விளக்குப் போடுவது யார்?

கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996-ல் மத்திய அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. இப்போது அதன் இடத்தில், 2020-ல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. கட்டட வேலையில் 250 பேர் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்கிறது அது. நம்ம பக்கத்தில் ஒரே சைட்டில் 250 பேரை எங்கே பார்க்கப் போகிறோம்? பொறுப்பு என்னவோ முதலாளியுடையதுதான். ஆனாலும் காலை எட்டு மணிக்கு சைட்டில் நிற்கப்போவது டிப்ளமோ முடித்த சூப்பர்வைசர், அதாவது நாம்.

பல கம்பெனிகளுக்குச் சட்டம் என்றால் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஹெல்மெட் மாட்டுவது. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். அங்கே ஹெல்மெட் என்ன செய்திருக்கும்?

நம் கடற்கரையில் முதல் எதிரி உப்பு. நான் பயிற்சிக்குப் போன சைட்டில் (பெயர் வேண்டாம்) சாரத்தின் கிளாம்ப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்பேனர் வைத்துத் திருகினால் நட்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. சவுக்குக் கம்பும் கயிறும் என்றாலும் இதே கதைதான், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் முடிச்சு தளர்ந்துபோகும். ஆகவே தினமும் ஆள் ஏறுமுன் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பெருங்காற்று அடித்து ஓய்ந்த பிறகு இன்னொரு தடவை.

அடுத்தது மணல். செப்டிக் டேங்குக் குழி ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் பக்கத்துக்குப் பலகை கொடுத்து முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது 1998-ல் வந்த மத்திய விதிகளிலேயே உண்டு. களிமண் சரியுமுன் வெடிப்பாவது காட்டும். நம்ம மணல் அதுவும் காட்டாது. தோண்டிய மண்ணைக் குழி ஓரத்திலேயே குவிப்பது அதைவிட மோசம். கடலுக்கு மேல் ஜெட்டி வேலை என்றால் லைஃப் ஜாக்கெட்டோடு, ஒரு வள்ளமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"காத்துக்கெல்லாம் நிப்பாட்டினா கான்கிரீட் எப்பத் தம்பி போடறது?" என்று மேஸ்திரி கேட்பார். அவர் கேள்வியும் நியாயம்தான், கலவை காத்திருக்காது. அதனால் கான்கிரீட் நாளைக் குறிக்குமுன்பே வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் மேல்மாடி வேலையே வேண்டாம். எத்தனை மணிக்கு, எதற்காக நிறுத்தினோம் என்பதை சைட் நோட்டில் எழுதி, காண்ட்ராக்டரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு "யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

இன்னொன்று. இப்போது பீகார், ஒடிசாக்காரர்கள் நிறைய வருகிறார்கள். சாரம் ஆடும்போது தமிழில் கத்திப் பயனில்லை. "ருக்கோ" என்ற ஒரு வார்த்தையாவது கற்றுக்கொண்டு சைட்டுக்குப் போங்கள்.